ஒட்டுப்பால் அடைத்த டயரும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா பிறந்தது செர்டாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். ஐந்து பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைக்குட்டி. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். அக்காவின் பொறுமையைப் பற்றி உறவினர்கள் பலர் இந்த நினைவு மலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அக்காவுக்குப் பொறுமை என்பதே கிடையாது. இருந்திருந்தால் இதை எழுத நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன்.

திருமணமாகி அக்கா லூனாஸை அடுத்த தோட்டத்துக்கு வந்தார். அத்தான் அங்கே ஆஸ்பத்திரிக் காருக்கு டிரைவர். தங்கமான மனிதர், டயர் விஷயத்தில் மட்டும் பிடிவாதக்காரர். பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்றிச் சைக்கிளில் கட்டி லூனாஸ் கடைக்குத்தான் கொண்டு போவார்.

"கடைக்காரன் கை பட்டாத்தான் டயரு நிக்கும்லா" என்பார்.

"அவனுக்கு மட்டும் என்ன நாலு கையா? வாசல்ல வச்சே கழட்டி மாட்டலாம்" என்பார் அக்கா.

புதிதாகக் கல்யாணமானவர்கள் சண்டை போட எத்தனையோ விஷயம் இருக்க, இவர்கள் டயருக்காகச் சண்டை போட்டார்கள். லூனாஸுக்குச் சாமான் வாங்கப் போகும் நாளெல்லாம் அக்கா அந்தக் கடை முன்னால் நின்று, டயரை எப்படி நெம்பி எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாராம். அத்தானை மடக்குவதற்காகவே தொழிலைக் கற்றுக்கொண்டார்.

ஜப்பான்காரன் வந்தான். என் கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. வயிற்றில் மூன்று மாதப் பிள்ளையோடு நான் அக்கா வீட்டில் வந்து விழுந்தேன். மரவள்ளிக்கிழங்கை அவித்து எனக்கு இரண்டு பங்கு வைத்துவிட்டு, தமக்குப் பசியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அக்கா. அவருக்குப் பிள்ளை இல்லை.

அந்தக் காலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் மரம், ஆனால் டயர் கிடையாது. வாங்க ஆளில்லாமல் ஸ்டோரில் ஒட்டுப்பால் மூட்டை மூட்டையாக நாறிக் கிடந்தது. மரத்தின் வெட்டுக்காயத்தில் காய்ந்து ஒட்டியிருப்பதை நாடா நாடாவாக உரித்தெடுப்போமே, அதுதான் ஒட்டுப்பால். டயர் கடையிலோ எப்போதும் ஒரு சிப்பாய் உட்கார்ந்திருப்பான். நல்ல டயர் எது வந்தாலும் பட்டாளத்துக்கு எடுத்துக்கொள்வான். இது தெரிந்தும் அத்தான் இருந்த ஒரே மாற்று டயரைக் கடைக்குக் கொண்டு போனார், வெறும் சைக்கிளோடு திரும்பினார். அன்று அக்கா பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

டயர் போன அடுத்த மாதம், மாதம் நிறைந்து எனக்கு வலி கண்டது. ஒரு பகலும் ஓர் இரவும் துடித்தேன். விடிந்ததும் மருத்துவச்சி வெளியே வந்து, "பிள்ளை குறுக்கே கெடக்கு. என்னால முடியாது. கூலிம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று கையை விரித்துவிட்டார். காரின் பின்சக்கரம் காற்றில்லாமல் தரையோடு படிந்து கிடந்தது. டியூப் கிழிந்து போயிருந்தது.

அத்தான் பதறிப்போய்ச் சைக்கிளை எடுத்தார். "சக்கரத்தக் கழட்டுறேன், கடையில குடுத்து ஒட்டிக்கிட்டு ஓடியாந்துர்றேன்."

"போன மாசம் போன டயரு வந்துச்சா? இதையும் புடுங்கிக்குவான். நீங்க வர்றதுக்குள்ள இவ செத்துருவா. சைக்கிளக் கீழ போடுங்க!"

அத்தான் கீழே போட்டார்.

காரைத் தூக்கும் ஜாக்கியைச் சிப்பாய்கள் முன்பே எடுத்துப் போயிருந்தார்கள். அக்கா குரல் கொடுத்ததும் பால் வெட்டக் கிளம்பிய பெண்கள் நான்கு பேர் வாளியை வைத்துவிட்டு வந்தார்கள். நீளமான மரக்கட்டை ஒன்றைக் காருக்கடியில் கொடுத்து, மறுமுனையில் நால்வரும் ஏறி உட்கார, வண்டி எழுந்தது. அத்தான் சக்கரத்தைக் கழற்றினார். அக்கா இரண்டு இரும்புக் கம்பியால் டயரை நெம்பித் திறந்தார். கிழிந்த டியூபை வீசிவிட்டு, ஸ்டோரிலிருந்து இழுத்து வந்த மூட்டையின் ஒட்டுப்பாலைக் கயிறுபோல் முறுக்கி உள்ளே திணித்தார். காலால் மிதித்து மிதித்து இறுக்கினார். மூட்டையில் பாதி உள்ளே போனது. டயரை மூடியபோது அது அங்கங்கே புடைத்திருந்தது. நான் பின் சீட்டில் கிடந்து அலறிக்கொண்டிருந்தேன்.

அக்கா ஒன்றை யோசிக்கவில்லை. ஒட்டுப்பால் சூடானால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். இரண்டு மைல்கட்டை தூரம் போவதற்குள் டயர் சூடேறி, நாற்றம் குடலைப் பிடுங்கியது. அத்தான் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டே ஓட்டினார். கூலிமுக்கு முன்னால் சோதனைச் சாவடி. எங்களுக்கு முன்னால் நின்ற லோரியில் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா இறங்கிக் குனிந்து வணங்கினார். சிப்பாய் எங்கள் டயரை உதைத்துப் பார்த்தான், குனிந்தான். குனிந்த வேகத்தில் நிமிர்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பெர்கி! பெர்கி!" என்று மலாயில் கத்தித் துரத்தினான். போ என்று ஒருவன் விரட்டியதற்கு நாங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

என் மகன் மதியத்துக்கு முன் பிறந்தான். அத்தான் வெட்கத்தோடு, "கடைக்காரன்கூட இப்படி அடைக்க மாட்டான்" என்றார். அக்கா தம் கையைப் பார்த்தார். கொப்புளம் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "ஜப்பான்காரன் போகட்டும். அப்புறம் கடையிலயே குடுங்க, நான் ஒன்னும் சொல்லல" என்றார். அவன் போகும்வரை தோட்டத்துச் சைக்கிள் டயர்களெல்லாம் ஒட்டுப்பால் அடைக்க அக்கா வாசலில் வரிசையில் நின்றன.

பிறகு பென்சன் வரைக்கும் பால் வெட்டினார். என் மகனுக்குத் தாமே சோறூட்டி வளர்த்தார். அத்தான் காலமான பின் எங்களோடு குருணுக்குக் குடிவந்தார். கடைசி வாரம் வரை என்னை அதட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கவனித்துக்கொண்ட குருண் பக்கத்து வீட்டாருக்கும், ஆஸ்பத்திரி மிஸிமார்களுக்கும், மரக்கட்டையில் ஏறி உட்கார்ந்த அந்த நான்கு பெண்களின் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

இறுதிச் சடங்கு நாளில் உறவினர் ஒருவர், "பாவம், பிள்ளை இல்லாதவங்களாச்சே, கொள்ளி யார் வைக்கிறது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், மழித்த தலையோடு என் மகன் வந்து நின்றான்.