நீல முனையால் எழுதிய இலக்கம்

போன கிழமை என் தங்கையின் மகன் கனடாவிலிருந்து கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினான். எஞ்சினியராகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். கணினியில் ஒரு தண்ணீர்த் தாங்கியைச் செய்து, நிரப்பினால் எந்த இடம் எவ்வளவு பாடுபடும் என்று நிறத்தில் காட்டுகிற படம் அது. எல்லாம் ஒரே நீலம். அடிமூலையில் மட்டும் மிளகாய் விதையளவு சிவப்பு, பக்கத்தில் ஆகக்கூடிய இலக்கம். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் இரண்டாவது படம் வந்துவிட்டது. அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று முழுத் தாங்கியும் கலியாண வீட்டுப் பந்தல் மாதிரி. அந்த மூலை எங்கே என்று தேடவேண்டியிருந்தது. இலக்கத்தையும் காணவில்லை.

“என்னடா செய்தனி?” என்று அழைப்பெடுத்துக் கேட்டேன்.

“நிறத்தின்ரை உச்ச எல்லையைக் குறைச்சுவிட்டன் மாமா. அந்த ஒரு புள்ளியாலை மிச்சமெல்லாம் நீலமாக் கிடந்தது. இப்ப வடிவா இருக்கெல்லோ?”

வடிவுதான். அந்தப் புள்ளி பொய்யாகவும் இருக்கலாம். கூர்மூலை என்றால் கணினி சிலவேளை இல்லாததையும் சொல்லும் என்று எனக்கும் தெரியும். உண்மையா பொய்யா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு மறைத்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். இவன் பார்க்கவில்லை, பூசி மெழுகிவிட்டான். இத்தனை படிப்பும் இதற்குத்தானா என்று மனதுக்குள் காறித் துப்பினேன். துப்பிய கையோடு மூக்குக்குள் அமோனியா மணம் ஏறியது. ஏனென்றால் அந்த வித்தையைக் கணினி இல்லாமலே செய்தவன் நான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மானிப்பாயில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். கட்டடப் படம் கீறுகிற இடம். முதலாளியை எஞ்சினியர் ஐயா என்போம். லண்டனில் ஆறு மாதம் இருந்ததை ஆறு வருடமாகக் கதைத்துக்கொண்டிருந்த மனிசன். வியர்வை வழிய வழிய டை கட்டுவார். மூலப்படத்தைக் கையால் தொடமாட்டார், அது குமாஸ்தா வேலையாம். அதிலிருந்து அமோனியா ஆவி காட்டி எடுத்த பிரதியைத்தான் பார்ப்பார். கந்தோரில் ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில்கள் இருந்தன. சிவப்பு முனை அவர் சரி போடுவதற்கு மட்டும். மற்றவர்களுக்கு நீலம். அதனால் எல்லாப் பென்சிலும் ஒரு பக்கம் கட்டையாகவும் மறுபக்கம் புதிதாகவும் கிடக்கும். இதையும் நாங்கள் ஒழுங்கு என்று நினைத்திருந்தோம்.

தவமணியக்கா வட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். நாங்கள் பென்சிலால் கீறியதை எண்ணெய்த்தாள் போன்ற ஒளிபுகும் தாளில் மையால் பிரதி செய்வது அவர் வேலை; அதுதான் மூலப்படம். அவர் கோடு மயிரிழை பிசகாது. தகப்பன் படுத்த படுக்கை. வீட்டில் உழைப்பாளி அக்கா ஒருவர்தான். நானோ டிப்ளோமா முடித்த புதுசு, தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

கரவெட்டிப் பக்கம் ஒரு ஊருக்கு உயரமான தண்ணீர்த் தாங்கி கட்டப் படம் கேட்டு வந்தார்கள். தண்ணீர் தள்ளும்போது சுவர் எந்த உயரத்தில் எவ்வளவு வளையப் பார்க்கிறது என்று கணக்குப் போட்டு வரைபுத் தாளில் கீறினேன். சுவர் அடித்தளத்தோடு சேருகிற இடத்தில் கோடு கிடுகிடுவென்று ஏறியது. ஐயா பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“உது என்ன ஐசே? ஒண்டு மட்டும் பனை மாதிரி நிக்குது, மிச்சமெல்லாம் நிலத்தோடை படுத்துக் கிடக்குது. வடிவா இல்லை. மேலை வெட்டிவிடும். இலக்கத்தைப் பக்கத்திலை எழுதினாச் சரி.”

வெட்டினேன். அக்கா படத்தை மையால் பிரதி செய்து முடித்தார். இலக்கம் என் கையெழுத்தில் இருந்தால் என் கணக்கு என்று தெரியுமே என்ற பெருமையில், அதை நானே எழுதுகிறேன் என்று நீல முனையை எடுத்தேன்.

“தம்பி, நீலப் பென்சில் அமோனியாப் பிரதியிலை விழாது. தாரும், நான் மையாலை எழுதிவிடுறன்” என்றார் அக்கா.

“அதெல்லாம் எனக்குத் தெரியும் அக்கா” என்றேன். தெரியாது.

பிரதியில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. நான் பார்க்கவில்லை. ஐயாவோ தான் வெட்டச் சொன்னதையே மறந்துபோய், வெட்டிய உயரத்தை அடிமட்டத்தால் அளந்து, அதற்குத் தக்க கம்பியைக் குறித்து, சிவப்பால் சரியும் போட்டார்.

தாங்கி எழும்பியது. முதல்நாள் தண்ணீர் நிரப்பியபோது ஊரே வந்து நின்றதாம். பின்னேரத்துக்குள் அடிச்சுவரைச் சுற்றி வெடித்துத் தண்ணீர் கொட்டியது. நல்லகாலம், ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

அடுத்தநாள் ஐயா பிரதியை மேசையில் விரித்தார். “இலக்கம் எங்கை? ஆர் விட்டது?” என்று அக்காவைத்தான் கேட்டார்.

“நான் விடேல்லை ஐயா. மூலப்படத்தை எடுத்துப் பாருங்கோ.”

“அதைப் பாக்கிறது என்ரை வேலையில்லை. திங்கட்கிழமை தொடக்கம் நீர் வரத் தேவையில்லை.”

மூலப்படம் எனக்குப் பின்னாலிருந்த அலுமாரியில். கையை நீட்டினால் போதும். என் கையெழுத்தில் நீல இலக்கம் அதில் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். நான் கல்குலேட்டரைப் பார்த்தேன். ஐயாவை நான் இப்போது எவ்வளவு திட்டினாலும் அந்த நேரம் அவர் அறிவில்லாத மனிசன் மட்டும்தான். அறிந்துகொண்டு சும்மா இருந்த நாய் நான்.

அக்கா குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது, “இனிமேல் மையாலை எழுதும் தம்பி” என்று மட்டும் சொன்னார். அன்று பின்னேரம் திருத்த வேலைக்குப் புதுப் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. அக்காவின் பேனையாலேயே அந்த நீலத்தின் மேல் மை பூசினேன். இருந்த ஒரே சாட்சியும் அதோடு சரி.

தொண்ணூற்றைந்தில் சண்டையால் ஊரைவிட்டு எல்லோரும் வெளிக்கிட்டோம். சில வருடங்களின் பின் திரும்பி வந்தபோது கந்தோர் இருந்த கட்டடம் இல்லை. அலுமாரியும் படங்களும் ஆர் அடுப்பில் எரிந்ததோ. கரவெட்டித் தாங்கி நின்ற இடத்தில் நாலு தூண் அடி மட்டும். ஐயா வெளிநாட்டில் காலமானார் என்றார்கள். ஒருநாள் துணிந்து வட்டுக்கோட்டைக்குச் சைக்கிளில் போனேன். தவமணியக்கா வீட்டில் கூரையுமில்லை, கதவுமில்லை. பக்கத்து வளவில் வேலி அடைத்துக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தேன்.

“ஆர், அந்தப் படம் கீறின தவமணியோ? இடம்பெயர்ந்து போன இடத்திலை கண்ணை மூடிட்டா. கந்தோரிலை பிழையாக் கீறிப்போட்டாவெண்டு வேலையாலை நிப்பாட்டினவங்கள் எல்லோ. பிறகு ஒருத்தரும் வேலை குடுக்கேல்லை, பாவம். உங்களுக்குத் தெரிஞ்சவவோ?”

“ஓம், கொஞ்சம் தெரியும்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினேன்.