கட்டின தொட்டிலை அவிழ்க்கப் போனேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை உத்திரமேரூர் பக்கம் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு ஏரிக்கரை அம்மன் கோயில் வேப்பமரத்தில், குழந்தை வேண்டி ஒரு சின்ன மரத்தொட்டில் கட்டியிருந்தேன். அதை அவிழ்க்கப் போனேன். குழந்தை பிறந்தால்தான் வந்து அவிழ்ப்பது வழக்கம், எங்களுக்குப் பிறக்கவில்லை. மூன்று தடவை டெஸ்ட் டியூப் வைத்தியம் பார்த்தும் கரு நிற்கவில்லை. நாலாவது தடவைக்கு வருகிறோமா என்று வருகிற திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்ல வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொட்டில் அங்கே தொங்கும்வரை வராது என்று தோன்றியது.

தாம்பரத்தில் காலை 6.50 மின்சார ரயில். செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து உத்திரமேரூர் பஸ், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பாதி ரோட்டில் நெல் காயவைத்திருந்தார்கள், அதனால் பஸ் உருண்டுகொண்டுதான் போனது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு ஏழு கிலோமீட்டர், ஆட்டோ இருநூறு ரூபாய்.

"தொட்டில் கட்டவாம்மா?" என்றார் ஆட்டோக்காரர். "நம்பிக் கட்டு. என் மச்சினிச்சிக்கு ரெட்டைப் புள்ள கீது."

எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு மச்சினிச்சி இருந்து தொலைக்கிறாள். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வேண்டுதல் பலிக்காமல் அந்த மரத்தை மறுபடி பார்க்கக் கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தார். அதனால்தான் ஆறு வருஷமும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் தொட்டில் சிவப்புப் பெயின்ட் அடித்தது, அடியில் எங்கள் இருவர் பெயரும் எழுதியிருக்கும். மரத்தடியில் நின்று ஒரு மணி நேரம் கழுத்து வலிக்கத் தேடினேன். காணோம்.

கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா கிட்டே வந்தார். "இன்னாம்மா தேடிக்கினு கீற?"

சொன்னேன்.

"ஆறு வருசமா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடிக்கு ஆடி எல்லாத்தையும் அவுத்துடுவோம்மா. கூழ் காய்ச்ச அடுப்புக்கு அதான் வெறவு. புதுசு கட்ட எடம் வாணாமா?"

"அப்போ குழந்தை பிறந்தவங்க வந்து எதை அவிழ்ப்பாங்க?"

"எதையாச்சும் ஒண்ண அவுத்துக்கினு போவாங்க. அவங்களுக்கு இன்னா தெரியும்? நீயும் ஒண்ணு அவுத்துக்கோயேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின முதல் ஆடியிலேயே அடுப்புக்குப் போன கட்டைக்குப் பயந்து ஆறு வருஷம் இந்தப் பக்கமே வராமல் இருந்திருக்கிறேன், சே! ஆத்திரத்தில் கைக்கு எட்டின ஒன்றைப் பிடித்தேன். அடியில் ரெண்டு பெயர், மை புதுசு. பாவம், யாரோ. விட்டுவிட்டேன்.

அங்கிருந்தே கணவருக்குப் போன் போட்டேன். "நாலாவது வேண்டாங்க" என்றேன். இந்தத் தடவை வாய் வந்தது.

"எனக்கு ரெண்டாவதோடயே போதும்னு ஆயிடுச்சு. நீ நம்பிக்கிட்டு இருந்தே. அதான் சொல்லலை" என்றார்.

மூன்றாவது தடவை என் வயிற்றில் நானே போட்டுக்கொண்ட ஊசி அத்தனையும், அவர் நம்புகிறாரே என்று போட்டுக்கொண்டது. அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதேன். பெருக்குகிற அம்மா ஒரு சொம்பு தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

சாமி இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. எங்களுக்குக் குழந்தை இல்லை, அது தெரியும். அதோடு இருந்துகொள்ளலாம் என்று பஸ்ஸில் வரும்போது முதல் தடவையாகத் தோன்றியது. கசப்பு போய்விட்டது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன்.

போகிறவர்களுக்கு: பத்து மணிக்குள் போய்விடுங்கள், வெயில் தாங்காது. ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், திரும்ப வண்டி கிடைக்காது. தொட்டில் கோயில் வாசலிலேயே விற்கிறது. வாங்குவதற்கு முன்னால், இன்னும் நம்பிக்கை இருக்கிறதா என்று உங்கள் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.