பூவாடைக்காரியிடம் கேட்ட கேள்வி

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். உத்திரமேரூர் பஜாரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். லைனில் கரண்ட் இருக்கிறது என்று ஊரே சொன்னாலும் டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டார். சாமி விஷயத்திலும் அதே கறார்தான். "டெஸ்டர்ல லைட்டு எரியட்டும், நானும் கும்புடறேன்" என்பார். "உன் டெஸ்டர எடுத்துக்கினு போயி அடுப்புல போடு" என்பாள் அம்மா. கோயிலுக்குப் போனால் வெளியே செருப்புகளுக்குக் காவலாக நின்று பேப்பர் படிப்பார். உள்ளேயிருந்து வரும் சர்க்கரைப் பொங்கலை மட்டும் எந்த ஆராய்ச்சியும் இல்லாமல் சாப்பிடுவார். அக்கா இருந்தவரை இந்தச் சண்டை எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல வேடிக்கை.

அக்கா பத்தாவது படிக்கும்போது செத்துப்போனாள். ஆடி மாதம். கூழ் ஊற்றுவதற்காக அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மாகறலில் தாய்வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்கியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்பதால் அக்காவை நைனாவோடு விட்டிருந்தோம். ஆள் வந்து சொல்லி, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா இல்லை. குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ் பரவிவிட்டது என்றார்கள். "ராத்திரி திடீர்னு வலின்னா. உடனே தூக்கிக்கினு ஓடியாந்தேன்" என்று நைனா வந்தவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்லது நடப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் அகாலமாகச் செத்த பெண்ணைப் பூவாடைக்காரியாக அழைத்து உத்தரவு கேட்பார்கள். கிணற்றடியில் பம்பை அடித்துப் பாட, உறவில் யார்மேலாவது அவள் வந்து இறங்குவாள். வந்தது அவள்தானா என்று கேள்வி கேட்டுச் சோதித்த பிறகுதான் கலசத்தில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்து, புடவையும் பூவும் படைப்பார்கள். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நைனா அதற்குத்தான் வந்து நின்றார். அம்மாவுக்கு அக்காவின் குரலை ஒரு தடவை கேட்டால் போதும். கல்யாணத்தைவிட அதற்குத்தான் அவள் நாள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். நான் நைனா கட்சி. ஆனாலும் அன்று அம்மா தோற்கக் கூடாது என்றுதான் ஆசைப்பட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் சித்திமேல் வந்தது. அம்மாவின் தங்கை, சாதுவான மனுஷி. தலைமயிர் அவிழ்ந்து விழ, அம்மாவைக் கட்டிக்கொண்டு, "எம்மா, என்னை வுட்டுட்டுப் போயிட்டியே" என்று கதறினாள். பெயர் சொன்னாள். படித்த பள்ளிக்கூடம் சொன்னாள். கேட்கக் கேட்க அம்மா உருகிப்போனாள். நைனா கையைக் கட்டிக்கொண்டு, "இதெல்லாம் சித்திக்கே தெரியுமே" என்றார். பம்பைக்காரர் பம்பையை நிறுத்தினார்.

"அப்ப நீயே கேளு, அண்ணே. கேக்கறத்துக்குத்தானே வழக்கம் கீது."

நைனா சித்தியின் எதிரே வந்து நின்றார். "உங்கம்மா ஊருக்குப் போன மறுநாளு, இஸ்கூலுக்குப் பொறப்படசொல்ல எங்கிட்ட ஒண்ணு கேட்டியே, அது இன்னா?"

சித்தி ஆடுவதை நிறுத்தினாள். "அம்மா எப்ப வரும்னு கேட்டேன், நைனா" என்றாள்.

"இல்ல. தப்பு."

சொல்லிவிட்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். ஜெயித்துவிட்ட முகம்தான். பம்பைக்காரர் விடவில்லை. "தப்புன்னா ரைட்டு எதுன்னு சொல்லு. நீ சொன்னாத்தானே எங்களுக்கும் தெரியும்?"

நைனா இதை எதிர்பார்க்கவில்லை. தப்பித்துக்கொள்ள வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை, ஆனால் நிரூபிக்கிற இடத்தில் அவருக்குப் பொய் வராது. "வயிறு வலிக்குது, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ நைனான்னு கேட்டுச்சு" என்றார்.

"மறுநாளா?" என்றாள் அம்மா. "ராத்திரி திடீர்னு வந்திச்சின்னு சொன்னியே?"

"எங்க வலிக்குதுன்னு கேட்டேன். மொதல்ல தொப்புளாண்ட காட்டிச்சி. கொஞ்ச நேரம் கழிச்சிக் கேட்டா, கீழ சோத்துக்கை பக்கம் காட்டிச்சி. எடத்த மாத்தி மாத்திக் காட்டறா, பரிச்சைக்குப் பயந்துக்கினு பொய் சொல்றான்னு அனுப்பி வுட்டுட்டேன்." குரல் இறங்கிப்போயிற்று. "அந்த நோவு அப்டித்தான் எடம் மாறுமாம். டாக்டர் அப்பால சொன்னாரு."

சித்தி தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நைனா அம்மாவைப் பார்த்து, "அதான் சொல்றேன், அவ வரல. வந்திருந்தா இதச் சொல்லியிருப்பா" என்றார்.

"வந்தா" என்றாள் அம்மா. அழவில்லை. "அத்தினி பேரு முன்னால உன்னக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான் மாத்திச் சொன்னா."

கலசத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். புடவை வைத்து, பூ வைத்து, தனியாகவே படைத்தாள்.

என் கல்யாணம் நடந்தது. சாமிச் சண்டை அன்றோடு நின்றுபோனது. தாய்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சண்டை திரும்ப வராதா என்று பார்ப்பேன். அம்மா சொன்னதை நைனா ஏற்றுக்கொண்டிருந்தால் அக்கா அவரை மன்னித்துவிட்டாள் என்று ஆகியிருக்கும். அதற்கு அவர் முதலில் அவள் வந்ததை நம்ப வேண்டும். மனுஷர் முயன்றார் என்றுதான் நினைக்கிறேன். அன்று கிணற்றடியில் அவர் ஜெயிப்பதற்காகக் கேட்டார் என்று ரொம்ப நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மகளிடம் கேட்க அவருக்கு அந்த ஒரு கேள்விதான் இருந்தது.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, நைனா வாலாஜாபாத்தில் என் வீட்டில் வந்து படுத்துவிட்டார். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். வாயைத் துடைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்லு. அன்னிக்கி அவ வந்தாளா?"

"வந்தா, நைனா. அம்மா சொன்னதுதான் நெசம்."

தாகத்தோடு இருப்பவரைப் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "எத வெச்சி சொல்ற?"

நான் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். என் கையை விட்டுவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.