மூன்றாம் டிரஃபில் விழுந்த மோதிரம்

1. முதல் நாளே பெயர் வாங்கியது

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்படியிருந்தும் மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியில் கூலியாளாகச் சேர்ந்து ஹெட் ஃபிட்டராக ரிட்டயர் ஆனேன். டிப்ளமா முடித்து வந்தவர்கள்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் மெஷினில் கை வைப்பார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். இருந்தாலும் உண்மை.

சேர்ந்தது ஒரு ஜனவரி. வெளியே புல்லெல்லாம் உப்பைக் கொட்டினாற்போல உறைபனி. முதல் நாள் காலையில் மாடியில் ஃபேன் மோட்டார்களைத் துடைக்கச் சொன்னார்கள். துடைக்கும்போது ஒரு பேரிங் மூடிமேல் கை பட்டது, சுட்டது. ஃபிட்டரிடம் போய் பேரிங் சூடாகுது என்றேன்.

"இன்னைக்கு வந்த பய நீ, எனக்குப் பேரிங் சொல்லித் தாரியோ?" என்றார் அவர்.

மேனேஜர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எதற்கும் கழற்றிப் பாருங்கள் என்றார். கழற்றினால், உள்ளே கிரீஸ் கறுத்துக் கிடந்தது. "இவன் கை தெர்மாமீட்டர்டா" என்றார் மேனேஜர். அடுத்த வாரமே நான் ஃபிட்டருக்கு ஹெல்ப்பர். அந்த ஒரு வார்த்தையில் ஏறியவன்தான், பிறகு இறங்கவே இல்லை.

2. குளிர் விரலை என்ன செய்யும்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எங்கள் பக்கம் விடிகாலையில் ஸ்பேனரைப் பிடித்தால் கையில் ஒட்டிக்கொள்ளும். சின்ன நட்டை விரலில் எடுத்தால், எடுத்தோமா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நகக்கண் வெளுக்கும். பிறகு சிவந்து ஊசி குத்தும். மற்றவர்கள் கீழே டிரையர் பக்கம் போய்க் கை காய்ச்சிவிட்டு வருவார்கள். டிரையர் தேயிலை காயவைக்கிற மெஷின், அதன் சுவர் எப்போதும் சூடாக இருக்கும். நான் போனதில்லை. கம்பெனி கொடுத்த கையுறையும் பிரிக்காமல் வீட்டில் இருக்கிறது. என் கைக்கு அதெல்லாம் எதற்கு என்பேன்.

கொழுந்து எடுக்கிற பெண்கள்பாடு இதைவிட மோசம். பனித்தண்ணீர் சொட்டுகிற செடிக்குள் கத்தரியும் கையுமாக நிற்க வேண்டும். விரல் நுனி வெடித்து ரத்தம் கசியும். தேங்காயெண்ணெய்க் குப்பியை இடுப்பில் செருகியிருப்பார்கள், இல்லாவிட்டால் எண்ணெய் மெழுகுபோல உறைந்துவிடும். இன்னொன்றும் உண்டு. குளிரில் விரல் சுருங்கும், மோதிரம் தொளதொளக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பனிமாதத்தில் மோதிரத்தைக் கழற்றி முந்தியில் முடிந்துகொள்வார்கள், அல்லது செயினில் கோத்துக்கொள்வார்கள்.

3. ஜெசிந்தா வந்த காலை

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின ஜனவரி. ஏழு மணி இருக்கும். கொழுந்து எடுக்கிற ஜெசிந்தா என்கிற பெண் ஃபேக்டரி வாசலில் வந்து நின்றாள். கல்யாணமாகி மூன்றாவது வாரம்தான். மலைக்குக் கீழே கம்பம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், பனிமாதம் புதிது. மாதா கோயிலில் மந்திரித்துப் போட்ட கல்யாண மோதிரம், எக்காரணம் கொண்டும் கழற்றாதே என்று மாமியார் சொல்லியிருக்கிறார். அவளும் கழற்றவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் பாத்திரம் கழுவும்போதுதான் விரல் வெறுமையாக இருப்பதைப் பார்த்திருக்கிறாள். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. எடுத்த கொழுந்தோடு போயிருக்குமோ என்று தேட வந்திருக்கிறாள்.

எங்கள் டீமேக்கர் மலையாளி. ஃபேக்டரிக்கு அவர்தான் பொறுப்பு. எட்டு மணிக்கு லோடு மெஷின்ல கேறணும், எலை ஓவரா வாடினா மேலே நான்தான் சமாதானம் சொல்லணும் என்றார். எனக்கு வேறு பயம். கன்வேயரில் காந்தம் வைத்திருக்கிறோம், அது இரும்பைப் பிடிக்கும். தங்கத்தைப் பிடிக்காது. மோதிரம் நேரே கொழுந்தை நசுக்கிக் கிழிக்கிற சி.டி.சி. ரோலருக்குள் போனால் ரோலர் பல்லும் போகும், மோதிரமும் துகளாகும்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. விரல் சுருங்குவது காலையில். அப்படியானால் மோதிரம் விழுந்தது நேற்றுக் காலை முதல் எடையில் போன கொழுந்தில். அவள் கொழுந்து எடுத்த மலையின் முதல் லோடு மூன்றாம் டிரஃபில், கதவோரம் கொட்டியது. டிரஃப் என்றால் மாடியில் கொழுந்தை வாட வைக்கிற நீளமான தொட்டி. அடியில் கம்பிவலை, அதற்குக் கீழே ஃபேன். பத்து டிரஃபில் தேட வேண்டியதை ஒன்றின் ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். டீமேக்கரே தலையாட்டினார்.

பெண்ணை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு நானே கையை விட்டுத் துழாவினேன். சில்லிட்ட கொழுந்து, கீழிருந்து ஐஸ்போலக் காற்று. அரை மணி நேரம் பிடி பிடியாக அலசினேன். இல்லை. நிமிர்ந்து, இதுக்குள்ள கெடையாது சார், என் கை பாத்தா பாத்ததுதான் என்றேன். டீமேக்கர் லோடு ஆட்களைக் கூப்பிட்டார். முதல் ஆள் கூடையை எடுத்துவிட்டான்.

ஜெசிந்தா அழவில்லை. சூடான கட்டன்சாயா கிளாசை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி என் பக்கத்தில் வந்தாள்.

"மாமா, கையக் காட்டுங்க."

நீட்டினேன். என் ஆள்காட்டி விரல் நுனியில் நகத்தை வைத்து அழுத்தினாள்.

"வலிக்கா?"

"இல்ல."

இன்னும் அழுத்தினாள். நகத்தடம் விழுந்தது.

"இப்ப?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நகம் பதிஞ்சதே தெரியலியே மாமா, பின்ன மோதிரம் மட்டும் எப்படித் தெரியும்?"

லோடு ஆட்கள் சிரித்துவிட்டார்கள். "தெர்மாமீட்டர் உடைஞ்சு போச்சுடோய்" என்றான் ஒருத்தன். அத்தனை வருஷத்தில் என் சொல்லை நானே திருப்பி எடுத்ததில்லை. ஆனால் கூடை டிரஃபுக்குள் இறங்கப்போகிறது. டீமேக்கரிடம் போய், நான் பார்த்ததைக் கணக்கில் வைக்காதீர்கள், இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். அவர் வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பதினைந்து நிமிஷம் என்றார்.

கீழே இறங்கி டிரையர் சுவரோடு கையை ஒட்டிவைத்தேன். வேலைக்குச் சேர்ந்து முதல் தடவை. ரத்தம் திரும்பும்போது பல்லைக் கடிக்க வைக்கிற வலி. ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தேடினோம். அவள் தேடுவதைப் பார்த்தேன். அள்ளவில்லை. இலைகளுக்கு நடுவே விரல் நுனியை மட்டும் நடக்கவிட்டாள். கொஞ்ச நேரத்துக்கொரு தரம் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பத்தாவது நிமிஷம் நிமிர்ந்தாள். மோதிரம் விரலில் இருந்தது. எடுத்த இடம் நான் முதன்முதலில் கை விட்ட இடம். அதன் மேலேயே என் கை எத்தனை தடவை போய் வந்ததோ.

மோதிரத்தைக் கழற்றி முந்தியில் முடிந்துகொண்டு அவள் மலைக்கு ஓடினாள். மஸ்டரில் பேர் கூப்பிட நேரமாகியிருந்தது.

4. பிறகு

அன்றைக்கே மாடிப்படி சுவரில் சாக்பீஸால் எழுதிப்போட்டேன்: கை சூடாக்காமல் எதையும் தொட்டுப் பார்க்கக் கூடாது. எழுத்துப்பிழை இருந்தது, யாரும் திருத்தவில்லை. இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். மரத்த கை 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் நம்பாதீர்கள். குளிர்ந்த கை 'சுடுகிறது' என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

இரண்டாவதை நானாகக் கண்டுபிடித்தேன். அந்த வாரமே ஒரு விடிகாலையில் ஃபேன் பேரிங்கைத் தொட்டேன், சுட்டது. டிரையர் பக்கம் போய்க் கையைக் காய்ச்சிவிட்டு வந்து அதே பேரிங்கைத் தொட்டேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

என்னைத் தூக்கிவிட்ட அந்த முதல் நாள் பேரிங் அன்றைக்கு நிஜமாகவே சுட்டதா, என் கைதான் குளிர்ந்திருந்ததா என்று இப்போது சொல்ல முடியவில்லை. கிரீஸ் கறுத்திருந்தது என்னவோ உண்மை. அதற்குப் பிறகு எத்தனையோ பேரிங் கழற்றிவிட்டேன். ஓடின பேரிங்கில் கிரீஸ் கறுத்துத்தான் இருக்கும்.