வாரேன் என்று சொல்லாமல்

செவ்வாய்க்கிழமை காலை ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் நின்ற பழைய அலுவலகத் தோழி திரும்பி, “விஷயம் தெரியுமா? நம்ம ஞானமுத்து அண்ணாச்சி போயிட்டாவ” என்றாள். சீனி வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்தருகே ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் பி.ஏ. முடித்துத் தட்டச்சராகச் சேர்ந்தபோது, நாசரேத்திலிருந்து வந்திருந்த அவர் கொழும்புத் தோணிகளில் ஏறும் மூட்டைகளைக் குறித்துக்கொள்ளும் எழுத்தர். அதிர்ந்து பேசமாட்டார். என் ரிப்பன் தேய்ந்தால் நான் கேட்குமுன் புதிது மேசையில் இருக்கும்.

எனக்குத் திருமணமாகிப் பல வருடம் கழித்து அவருடைய ஒரே நாவல் வெளிவந்தது. ‘வாரேன் என்றவள்’. அதில் ஓர் எழுத்தர், உடன் வேலை பார்க்கும் பெண்ணிடம், தோணிகள் பாய் விரிப்பதைப் பார்க்க ஞாயிறன்று கடற்கரைக்கு வருவாளா என்று கேட்கிறான். அவள் குடையை எடுத்துக்கொண்டு, “வாரேன்” என்று சொல்லிப் போகிறாள். அவன் காத்திருக்கிறான். அவள் வருவதில்லை. கடைசிப் பக்கம்வரை சரி என்றும் சொல்வதில்லை, மாட்டேன் என்றும் சொல்வதில்லை.

ஊரே அவளைத் திட்டியது. என் கணவர் ஒரே மூச்சில் படித்துவிட்டு, “இவளைக் கட்டுனவன் பாடு திண்டாட்டம்தான்” என்றார். அந்தக் குடை என்னுடையது. தினமும் மாலையில் எல்லாரிடமும் சொல்வதுபோல் அன்றும் வாரேன் என்று சொல்லிக் கிளம்பியிருப்பேன். அதற்குமுன் அண்ணாச்சி கேட்டது என் காதில் விழுந்ததா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு நல்ல மனிதரை ஏமாற்றிவிட்டேனோ என்ற உறுத்தல் மட்டும் வருடக்கணக்காகக் கூடவே இருந்தது.

போன மாதம், அவர் படுக்கையில் இருப்பதறிந்து பார்க்கப் போனேன். துணிந்து கேட்டுவிட்டேன்: அவள் நான்தானா, என்மேல் வருத்தம் உண்டா?

அவர் சிரித்தார். “நீங்கதான் சரோஜாம்மா. ஆனா வாரேங்கது நம்ம ஊர்ல எல்லாரும் சொல்லுதது. அதைப் போய் வாக்குன்னு எடுத்துக்கிட்டது என் கோட்டித்தனம். புஸ்தகம் படிச்சவன் எல்லாம் அந்தப் பொண்ணத்தான் திட்டுதான். ஒருத்தனாவது அந்தப் பயலத் திட்டணும்லா? வாயத் தொறந்து ரெண்டாவது தடவ கேக்காதவன் அவந்தான?”

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி எஸ்தர் அக்கா, “கேட்டிருந்தா என் கதி என்ன?” என்றார். மூவரும் சிரித்தோம். அன்று வீட்டுக்கு நடந்து வந்தபோது உடம்பே லேசாக இருந்தது.

அடக்கம் முடிந்து கிளம்புகையில் எஸ்தர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். துக்க வீட்டில் யாரும் வாரேன் என்று சொல்லிக் கிளம்புவதில்லை. வாய்வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

அண்ணாச்சி, இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் காத்திருக்க வேண்டாம்.