வெளக்கு வெச்ச நேரத்து மூஞ்சி

எங்க வூட்டுக்காரரு முருகேஷ் தனியா உக்காந்து சோறு திங்க மாட்டாரு. எங்க ஊரு இண்டூர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. தட்டு போட்டதும் வாசலுக்குப் போயி ரோட்டப் பாப்பாரு. பால் ஊத்தறவரு, கரண்டு ரீடிங் எடுக்க வந்தவரு, யாரா இருந்தாலும் சரி, "வாங்க, ஒரு வாய் தின்னுட்டுப் போங்க"ன்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துருவாரு. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். "இது வூடா, சத்திரமா?"ன்னு கத்துவேன். "நீயும் வந்து உக்காரு பானு, சத்திரம் நெறையட்டும்"னு சிரிப்பாரு. ஜேசிபி ஓட்டற மனுசன். அந்த மெஷினுகிட்டயே பேசிக்கிட்டுத்தான் மண்ணு அள்ளுவாரு.

அந்த வாயில இருந்து இப்ப ஒரு வார்த்த புடுங்கறதுக்கு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எங்க போர் கெணத்துல தண்ணி நின்னு போச்சு. இங்க வேலையும் கொறஞ்சு போச்சு. ஓமன்ல ஒரு கல்லு கம்பெனிக்கு லோடர் வண்டி ஓட்ட ஆள் கேக்கறாங்கன்னு கெளம்பிட்டாரு. வெளிநாடு போறவங்களுக்குன்னு ஒருநாள் வகுப்பு வெச்சாங்க. அங்க எல்லாரு போன்லயும் ஒரு ஆப் ஏத்தி வுட்டாங்க. மனசு சரியில்லன்னா அது ஒத்தாசை பண்ணுமாம். போறப்ப புதுசா ஒரு போன் வாங்கி, பழசுல இருந்ததெல்லாம் அதுக்கு மாத்திக்கிட்டு, பழைய போன எனக்குக் குடுத்துட்டுப் போனாரு. அவரு மெயிலு, அவரு போட்டோ, அந்த ஆப்பு எல்லாம் இதுலயும் அப்படியே இருந்துச்சு. எங்க ஊர்ப் பக்கம் எந்தப் பொம்பளைக்குப் புது போன் வருது? ஆம்பளைங்க தேச்சுத் தேஞ்சதுதான் நமக்கு.

எங்களுக்குக் கொழந்த குட்டி இல்ல. அவரு போனதும் வூடு வெறிச்சுன்னு ஆயிருச்சு. வெடியக்கால சாமந்தி பறிக்கக் கூலிக்குப் போவேன். வந்து ஒரு ஆளுக்குச் சோறாக்கி, பாதிய நாய்க்கு வெப்பேன்.

சாயங்காலம் ஆறரைக்கு அந்த போனு டிங்குன்னு சத்தம் குடுக்கும். "இன்று எப்படி இருக்கிறீர்கள்?"னு கேட்டு அஞ்சு மூஞ்சி காட்டும். மொத மூஞ்சி வாய் நெறையச் சிரிக்கும். கடசி மூஞ்சிக்குக் கண்ணுல தண்ணி ஊத்தும். போனு என்னயத்தான் கேக்குதுன்னு நெனச்சேன். ஆறரைன்னா வெளக்கு வெக்கிற நேரம். வெளக்கு வெச்ச நேரத்துல அழக் கூடாது, வூட்டுக்கு ஆகாதுன்னு எங்கம்மா அடிச்சு வளத்த பொண்ணு நான். அதனால வெளக்கப் பொருத்தி, துண்ணூறு பூசிக்கிட்டு, அந்தச் சிரிக்கற மூஞ்சியத் தொட்டு வெப்பேன். மூக்க உறிஞ்சிக்கிட்டே தொட்ட நாளும் உண்டு. அவரு அங்க நல்லா இருக்கோணும்னு வேண்டிக்கிட்டுத்தான் தொடுவேன். ஒரு நாள் தவறினதில்ல.

வெள்ளிக்கிழமை வீடியோல வருவாரு. ஆரம்பத்துல நல்லாத்தான் பேசினாரு. "இங்க பாரு பானு, மூச்சு வுடறதுக்குக்கூட போனு சொல்லித் தருது"ன்னு, பெருசாயி சின்னதாவுற ஒரு வட்டத்தக் காட்டிச் சிரிச்சாரு. மழை பெய்யற சத்தமும் அதுல இருக்குதாம். லோடர் கேபின்ல கதவச் சாத்திக்கிட்டு நாளெல்லாம் அதப் போட்டுக் கேப்பாராம். "நம்ம ஊர்லயே மழையக் காணோம், நீங்க ஓமன்ல கேக்கறீங்களா?"ன்னு நானும் சிரிச்சேன். ரூம்ல எட்டுப் பேரு, ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. சாப்பாடு பாக்கெட்டுல வரும், அவனவன் கட்டில்ல உக்காந்து அவனவன் திம்பான்னு ஒரு நாள் சொன்னாரு. அப்பவாச்சும் எனக்கு உறைச்சிருக்கோணும்.

போகப் போக "நல்லா இருக்கேன், நீ?" அவ்வளவுதான். "நானும் நல்லா இருக்கேங்க." ரெண்டு பேரும் இளிச்சுக்கிட்டே போன வெச்சிருவோம்.

பதினாலாம் மாசம் கம்பெனில இருந்து ஒரு மலையாளத்துக்காரரு கூப்பிட்டாரு. காலைல கேபின்ல ஏறின மனுசன் வண்டிய ஆஃப் பண்ணிட்டு, பொழுது எறங்கற வரைக்கும் அந்த வெய்யில்ல எறங்கவே இல்லியாம். நாலு பேரு சேந்து தூக்கி எறக்கினாங்களாம். அடுத்த வாரமே அனுப்பி வுட்டுட்டாங்க.

வந்தவரு செவுத்தப் பாத்து உக்காந்தாரு. தருமபுரி டாக்டரு மாத்திரை குடுத்தாரு, தூங்கறாரு. தட்டு போட்டா வாசல்பக்கம் திரும்பறதே இல்ல. ரெண்டு வாய் தின்னுட்டுக் கைய கழுவிடறாரு. நானே ரோட்டுக்குப் போயி, பால்காரரக் கூட்டிட்டு வந்து பக்கத்துல உக்கார வெச்சேன். அவரு மூஞ்சியக்கூட இவரு ஏறிட்டுப் பாக்கல. பாவம் அந்த மனுசன், சோத்த முழுங்க முடியாம எந்திரிச்சுப் போனாரு.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கல. "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க? என்னதான் ஆச்சு, சொல்லித் தொலைங்க!"ன்னு கத்திட்டேன்.

செவுத்தப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "ஏழு நாளு சேந்தாப்புல அந்த அழுவற மூஞ்சியத் தொட்டா, ஒருத்தரு தமிழ்லயே போன் பண்ணிப் பேசுவாங்கன்னு வகுப்புல சொன்னாங்க பானு. உன்கிட்ட சொன்னா நீ சோறு திங்க மாட்ட. இங்க ஆறரைன்னா அங்க அஞ்சு மணி. அதான் டூட்டி முடிஞ்சு எறங்கறப்ப, போனு மணி அடிச்சதும் அழுவற மூஞ்சியத் தொடுவேன். அஞ்சு மாசம் தொட்டேன். ஒருத்தரும் கூப்பிடல. நமக்குன்னு ஒரு நாதியும் இல்லன்னு தெரிஞ்சு போச்சு."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! போன எடுத்துக்கிட்டு பஸ் ஏறி, பாப்பாரப்பட்டில போன் கடை வெச்சிருக்கற தௌபிக் தம்பிகிட்டப் போனேன். "எந்தக் கட்டைல போறவன் இந்த ஆப்ப நடத்தறான்னு கண்டுபுடிச்சுக் குடு தம்பி, நாலு வார்த்த நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்"னேன்.

அந்தத் தம்பி தொறந்து பாத்துட்டு, "அக்கா, இதுல எல்லா நாளும் சிரிச்ச மூஞ்சிதானே இருக்குது"ன்னுச்சு. ஒரு நாளத் தொட்டுப் பெருசாக்கிக் காட்டுச்சு. ஆறரைக்கு அழுவற மூஞ்சி. ஆறு நாப்பதுக்குச் சிரிக்கற மூஞ்சி. அடுத்த நாளும் அப்படித்தான். "ரெண்டு போன்லயும் ஒரே கணக்கு ஓடுதுக்கா. ஒரு நாளைக்கிக் கடசியா எதத் தொடறோமோ அதுதான் நிக்கும். இந்தப் போன் யாருகிட்டக்கா இருந்துச்சு?"

போன வாங்கி மடில சொருகிக்கிட்டு வந்துட்டேன். அவரு அங்க அழுவ அழுவ, நான் இங்க வெளக்கப் பொருத்தி வெச்சுத் தொடச்சிருக்கேன். பாவி நான்.

சொன்னா என் மூஞ்சில முழிப்பாரா? சொல்லாட்டி, ஒலகத்துல தனக்குன்னு ஒருத்தரும் இல்லன்னே நெனச்சுக்கிட்டுக் கெடப்பாரு. வூட்டுக்கு வந்து பத்து தடவ வாயத் தொறந்தேன். வரல. அவரு போனு சார்ஜ் இல்லாம பையிலயே கெடந்துச்சு. அன்னிக்கி ஆறரைக்கு என் போனு டிங்குன்னுச்சு. வெளக்கு எரியுது. நான் அழுவற மூஞ்சியத் தொட்டேன். மறுநாளும் தொட்டேன். ஏழு நாளு தொட்டேன். வூட்டுக்கு ஆகாதாம். இனிமே இந்த வூட்டுக்கு ஆகறதுக்கு என்ன இருக்குது?

எட்டாம் நாளு காலைல அந்த ஆப்பு வழியாவே என் போனுக்குக் கூப்பிட்டுட்டாங்க. "முருகேஷ் சாருங்களா? ஒரு வாரமா உங்களுக்கு மனசு சரியில்லன்னு தெரிஞ்சுது. அதான் பேசலாம்னு கூப்பிட்டோம்"னு ஒரு அம்மா. அவ்வளவு பதமான கொரலு. ஸ்பீக்கர்ல போட்டு அவரு பக்கத்துல வெச்சேன்.

"இப்ப எதுக்கு?"ன்னுட்டு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. கண் கெட்ட பின்னாடி சூரிய நமஸ்காரம். அந்தம்மா "சார், சார்"னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க.

"நான் அவரு சம்சாரம் பானுமதி பேசறேங்க"ன்னேன். "அவரு மேல தப்பில்லீங்க, உங்க மேலயும் தப்பில்லீங்க. அஞ்சு மாசம் அவரு அழுததையெல்லாம் அழிச்சு அழிச்சு சிரிச்ச மூஞ்சி வெச்சது நான்தாங்க. வெளக்கு வெச்ச நேரம்னு வெச்சேன். என்னயக் கேக்குதுன்னு நெனச்சுத்தாங்க வெச்சேன். அந்தச் சிரிப்பும் பொய்யிங்க. அந்த அஞ்சு மாசமும் நானும் தெனம் அழுதுக்கிட்டுத்தாங்க இருந்தேன். என் மூஞ்சிய உள்ளது உள்ளபடி தொட்டிருந்தாக்கூட நீங்க அப்பவே இவரைக் கூப்பிட்டிருப்பீங்க."

செவுத்துப் பக்கம் இருந்து அவரு திரும்பினாரு. அடிப்பாருன்னு நெனச்சேன். அடிச்சா நல்லா இருக்கும்னுதான் இருந்துச்சு.

"நீ எதுக்குப் பானு அழுத?"ன்னு கேட்டாரு.

அந்தம்மா இன்னும் லைன்லதான் இருந்தாங்க.