செல்விக்கு முன்னால் ஒரு குத்துவிளக்கு

போன ஞாயிற்றுக்கிழமை, உயிரோடு இருக்கும் ஒருத்திக்கு ஊரையே அஞ்சலி செலுத்த வைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு போட்டோ போட்டியில் கலந்துகொண்டேன்… அவ்வளவுதான்.

ஐம்பதைத் தாண்டிய வயதில் இது என் முதல் போட்டி. இங்கே புதுச்சேரியில் உள்ள ஒரு புகைப்படக் குழு வாட்ஸ்அப்பில் அறிவித்திருந்தது. தொழில்முறை ஆட்களுக்கு இடமில்லை, செல்போனில் எடுத்தாலும் போதும், தலைப்பு 'நம்ம ஊர் முகம்'. என் வீட்டுக்காரர்தான் படித்துக் காட்டினார். "சாம்பாரைக்கூட போட்டோ எடுத்துட்டுத்தானே ஊத்தற… அனுப்பேன்" என்றார். கிண்டல்தான். ஆனால் எனக்கு உள்ளே குறுகுறுத்தது. முன்பின் தெரியாத ஒருவர் நான் எடுத்த படத்தின் முன்னால் நிற்பாரா? நின்றால் என்ன நினைப்பார்?

எங்கள் ஊரில் போட்டோ என்றால் வேறென்ன – பிரெஞ்சுத் தெருவின் மஞ்சள் சுவர். நானும் போனேன். காகிதப்பூ தொங்கும் சுவருக்கு முன்னால் ஒரு கல்யாண ஜோடி. அவர்களுக்குப் பின்னால் முறைக்குக் காத்திருக்கும் இன்னொரு ஜோடி. அதற்கும் பின்னால் மீன் வாங்கக் கொண்டுபோன காலிப் பையோடு நான். போட்டோகிராபர் என்னைப் பார்த்து, "மேடம், சார் எங்க?" என்றார். பேசாமல் பெரிய மார்க்கெட்டுக்கு நடந்துவிட்டேன்.

அங்கே செல்வி. நான் வழக்கமாக மீன் வாங்குவது அவளிடம்தான். விடிவதற்குள் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடையோடு மார்க்கெட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். என்னைவிட ஓரிரண்டு வயது சின்னவள். போனை நீட்டியதும் கையால் மறைத்தாள்.

"இன்னும் போணியே ஆவலக்கா. மொதல்ல மீனு வாங்கு, அப்புறம் எடு."

சங்கரா வாங்கினேன். உடனே முந்தானையைச் சரிசெய்து, ஆதார் கார்டுக்கு உட்காருவது மாதிரி விறைத்து உட்கார்ந்துவிட்டாள். எடுத்ததெல்லாம் வீண். அப்போது யாரோ ஒருவர் வந்து நண்டைத் தொட்டுப் பார்த்து, "இது உயிரோட இருக்குதா?" என்று கேட்க, "வெரல உள்ள வுட்டுப் பாரேன்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு முழுசாக வரவில்லை, கண்ணில் மட்டும் வந்திருந்தது. அந்த நொடியில் எடுத்தேன்.

படம் கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது. குழுவின் செயலாளர் போன் செய்து, "கறுப்பு வெள்ளையில போட்டா முகம் பேசும் மேடம். ஃப்ரேம் நாங்களே பண்ணிடறோம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. செல்வியிடம் கேட்டேன். "போட்டுக்கயேன், எம் மூஞ்சிக்கு இன்னா" என்றாள். கண்காட்சிக்கும் அழைத்தேன்.

ஞாயிறு காலை திறப்பு விழா. ஹாலுக்குள் நுழைந்ததும் என் படம்தான் முதலில் கண்ணில் பட்டது. பெரிதாக, கறுப்பு ஃப்ரேமில், ஒரு ஸ்டாண்டின் மேல். பெருமையில் மிதந்தேன். வேறு எதையும் கவனிக்கவில்லை. ஒரு பெரியவர் – பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர், தலையில் தொப்பி – படத்தின் முன்னால் வந்து நின்றார். ஆஹா, இதற்காகத்தானே ஆசைப்பட்டோம். மெல்ல அருகில் போனேன். அவர் தொப்பியைக் கழற்றினார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்களுக்குச் சொந்தமாம்மா? எப்பத் தவறிப்போனாங்க?"

அப்போதுதான் பார்த்தேன். படத்துக்கு நேர் முன்னால் திறப்பு விழாவுக்கு ஏற்றிய குத்துவிளக்கு. பக்கத்தில் ஊதுவத்தி. தட்டிலிருந்து பூ எடுத்து விளக்கடியில் போட்ட விருந்தினர்கள் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தார்கள்… அத்தனையும் செல்வியின் படத்தடியில். திரும்பினால், வாசலில் செல்வியே நின்றிருந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கூடவே மருமகள்.

மருமகள்தான் முதலில் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "அத்தை, வாங்க போயிடலாம். இன்னா வேலை இது, நல்லா இருக்கறவங்களுக்கு வௌக்கேத்தி வச்சிருக்காங்க." பெரியவர் படத்தைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார், "பர்தோன் மதாம்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு இரண்டடி பின்வாங்கினார்.

செயலாளர் ஓடி வந்தார். "படத்துல இருக்கறவங்க வேணாம்னா எடுத்துடணும் மேடம், அது ரூல்ஸ்" என்று காதில் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது – இனி அவள் என் முகத்தில் விழிப்பாளா? இவ்வளவுக்கும் நடுவில், ஐயோ என் படம் போகிறதே என்ற ஆதங்கம் வேறு. என்ன மனசோ. அதை அடக்கிக்கொண்டு, "எடுத்துடுங்க" என்றேன்.

"ஏன் எடுக்கணும்?" என்றாள் செல்வி. "அந்த வௌக்க அந்தாண்ட நவுத்து."

நகர்த்தினார்கள். பூவையும் வாரினார்கள். அவள் படத்தின் கிட்டே போய் நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நம் வீடுகளில் சுவரில் தனியாக ஒரு முகம் மாட்டியிருந்தால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உயிரோடு இருப்பவர்களுக்குக் கல்யாண ஆல்பம், குரூப் போட்டோ, செல்போன். தன் முகத்தைத் தனியாக, அவ்வளவு பெரிதாக, அவள் அதுவரை பார்த்ததே இல்லையாம்.

"எங்க மாமியா போனப்ப ஊடு பூரா படம் தேடுனோம்க்கா. ஒண்ணுமே இல்ல. ஒரு கல்யாண போட்டோலேந்து வெட்டி எடுத்தோம். பக்கத்துல நின்ன ஆளோட தோளும் கூடவே வந்துடுச்சி. இன்னிக்கும் அந்தத் தோளுக்கும் சேத்துத்தான் படையல் போடறோம்."

மருமகள் அழுகையோடு சிரித்துவிட்டாள்.

அன்று மாலை வரை செல்வி படத்தின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் முகம் வாடினால், "நான்தாங்க அது" என்று அவளே சொல்லிவிடுவாள். ஆளாளுக்கு அவளோடு செல்ஃபி எடுத்தார்கள். முதல் பரிசு, படகு முனையில் உட்கார்ந்திருந்த ஒரு நாய்க்குப் போனது. பொய் சொல்லக்கூடாது, நல்ல முகம்தான்.

கிளம்பும்போது செல்வி அந்த ஃப்ரேமைக் கேட்டாள். கொடுத்தேன். அதைப் பட்டுப்புடவை முந்தானையால் துடைத்து மருமகளின் கையில் வைத்தாள்.

"துணி சுத்தி பீரோ மேல வையி. எல்லாருக்கும் காட்டிட்டு இருக்காத. வேள வரும்போது நீங்க தேடக்கூடாது."

சொல்லிவிட்டு, பஸ் போய்விடும் என்று வேகமாக நடந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து என் போனைத் துழாவினேன். சாம்பார், மீன், வானம், பூனை… நான் மட்டும் எங்கேயும் இல்லை. வீட்டுக்காரரிடம் போனை நீட்டி, "என்னை ஒரு படம் எடுங்க. தனியா, நல்லா" என்றேன்.

"இப்ப எதுக்கு?" என்றார்.

"அவசரமில்ல… நிதானமாவே எடுங்க."